பிளாஸ்மா டிவியைத் தூக்கிப் போடாதீர்கள்: வைத்துக் காப்பாற்றும் வழி

வீட்டில் பழைய பிளாஸ்மா டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு புதிய 4கே எல்இடி ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தில் கோடு இல்லை, ஸ்விட்ச் போட்டால் ஒழுங்காக எழுந்துகொள்கிறது என்றால் அதை விடாதீர்கள். இனி அதை யாரும் தயாரிக்கப் போவதில்லை. பயனியர் 2009-லேயே டிவி தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது, பானசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014 நவம்பரோடு முடித்துக்கொண்டன. இன்று நம் கையில் இருப்பது எல்லாமே பத்து வருடம் தாண்டியவை. அதனால் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலர் கேட்பது: அப்படி என்ன இருக்கிறது அதில்? சொல்கிறேன். பிளாஸ்மா பேனல் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்த லட்சக்கணக்கான குட்டி அறைகள். ஃபுல் எச்டி பேனலில் சுமார் 62 லட்சம். ஒவ்வொன்றுக்குள்ளும் நியான், செனான் வாயு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அந்த வாயு புற ஊதாக் கதிரை விடுகிறது, அது அறைச் சுவரில் பூசிய பாஸ்பரில் பட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் விளக்கு எதுவும் இல்லை. அதனால்தான் இருட்டு அறையில் ராத்திரிக் காட்சி ஓடும்போது கறுப்பு கறுப்பாகத் தெரிகிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுத்துப் போவதில்லை. (1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சனும் இதைக் கண்டுபிடித்தது டிவிக்காகவே இல்லை, பாடம் நடத்தும் பிளேட்டோ என்ற கணினிக்குத் திரை வேண்டும் என்பதற்காக.)

அதைவிடப் பெரிய விஷயம் அசைவு. எல்இடி டிவியும் சரி, இன்றைய ஓஎல்இடியும் சரி, ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, அடுத்த ஃபிரேம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண் பந்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த நின்ற படம் கண்ணில் இழுபட்டுத் தெரிகிறது. பிளாஸ்மா அறைக்கு எரிவது, அணைவது இரண்டுதான் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் பலமுறை மின்னி மின்னி அணைவதால்தான் வெளிச்ச அளவே உருவாகிறது. பெட்டியில் 600 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்ததே, அது இந்த மின்னலின் கணக்குதான். பவுண்டரியை நோக்கி ஓடும் பந்து பந்தாகவே தெரிவது இதனால்தான். ஓஎல்இடியின் கறுப்பு பிளாஸ்மாவை மிஞ்சிவிட்டது, வெளிச்சமும் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுத்தர விலை எல்இடி ஒன்றுக்காக நல்ல பிளாஸ்மாவைத் தூக்கிப் போடுவது வீண்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

பிளாஸ்மாவைச் சாகடிப்பது வயது மட்டும் இல்லை, நின்ற படமும்தான். பாஸ்பர் எரிய எரியத் தேயும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்தால் அங்கே தழும்பு விழுந்துவிடும். நம் ஊர் செய்தி சேனல்களை நினைத்துப் பாருங்கள்: மூலையில் லோகோ, கீழே ஓடும் பட்டை, அதற்கு மேல் சிவப்பில் பிரேக்கிங் நியூஸ் கட்டம், பக்கத்தில் நேரம். காலையிலிருந்து ராத்திரி வரை அந்தச் சேனலே ஓடும் வீட்டில் எந்த பிளாஸ்மாவும் தாங்காது. அதனால் செய்திக்கும் சீரியலுக்கும் சின்னதாக ஒரு எல்இடி போதும், அதை ஹாலில் மாட்டுங்கள். பிளாஸ்மாவை சினிமாவுக்கும் மேட்ச்சுக்கும் மட்டும் வையுங்கள், முடிந்தால் திரைச்சீலை போட்ட அறையில், ஏனென்றால் அதன் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருபது ஓவர் மேட்ச்சுக்குப் பயப்பட வேண்டாம், நடுவே வரும் விளம்பரங்களே திரையைக் கழுவிவிடும். டெஸ்ட் மேட்ச் என்றால் கான்ட்ராஸ்டைக் குறைத்துவிட்டு, உணவு இடைவேளையில் திரை முழுக்க நிறைந்த வேறு ஏதாவது ஓட விடுங்கள். லேசாக லோகோ நிழல் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். அது பெரும்பாலும் தற்காலிகம், சில மணி நேரம் அசையும் படம் ஓடினால் போய்விடும். போகவில்லை என்றால் மெனுவிலேயே மருந்து இருக்கிறது: பானசோனிக்கில் ஸ்க்ரோலிங் பார், எல்ஜியில் ஒயிட் வாஷ். படத்தை அவ்வப்போது கொஞ்சம் நகர்த்தும் பிக்ஸல் ஆர்பிட்டர் (சாம்சங்கில் பிக்ஸல் ஷிஃப்ட்) எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் 4:3 அளவில் வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். வாரத்தில் ஒரு படம் என்றால் பிரச்சினை இல்லை, தினமும் அதுவே என்றால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துபோகும். சில பானசோனிக் மாடல்களில் அந்தப் பட்டையைச் சாம்பல் நிறமாக மாற்றும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் பேனலுக்கு நல்லது. கம்ப்யூட்டர் மானிட்டராக மட்டும் இதை ஒருபோதும் ஆக்காதீர்கள்.

செட்டிங்ஸ்

பிக்சர் மோடு சினிமா அல்லது மூவி. டைனமிக், விவிட் எல்லாம் கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே ஆள் பிடிப்பதற்காக வைத்தவை. நிறத்தையும் கெடுக்கும், பேனலையும் சீக்கிரம் தேய்க்கும். முதல் நாள் சினிமா மோடு மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். கண் பழக இரண்டு நாள் கொடுங்கள், அப்புறம் பக்கத்து வீட்டு டிவியில் முகங்கள் நீலம் பூத்திருப்பது உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

ஃபிரேம்களை இட்டு நிரப்பி அசைவை வழுக்க வைக்கும் வசதி எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள், பிளாஸ்மாவுக்கு அது தேவையே இல்லை. படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனையும் அணையுங்கள். சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட், எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன் என்று இருக்கும்.

டிவியில் ஆப் எதுவும் ஓடாது, ஓடினாலும் எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். பரவாயில்லை, எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஃபயர் ஸ்டிக்கைச் செருகினால் போதும். டிவி ஃபுல் எச்டி என்றால் ஸ்டிக்கை 1080பி-யில் வையுங்கள். ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், ஸ்டிக் பெரும்பாலும் 60-ல் நிற்கும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் தட்டித் தட்டிப் போவது இதனால்தான், அதைப் பார்த்துவிட்டு டிவி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மேட்ச் பார்க்கும்போது ஸ்டிக்கை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது மூலத்தின் ஃபிரேம் ரேட்டுக்கே மாறிக்கொள்ளும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ஸ்கிரீன் சேவர் ஐந்து நிமிடத்தில் வரட்டும். முகப்புப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருப்பதும் நின்ற படம்தான்.

42, 43 அங்குல எச்டி ரெடி பிளாஸ்மாக்கள் பலவற்றின் பேனல் 1024-க்கு 768 புள்ளிதான். குறைவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சாதாரண எஸ்டி சேனலில் வருவதே 720-க்கு 576. அதை 55 அங்குல 4கே திரையில் இழுத்து விரித்தால் முகமெல்லாம் குழம்பிப் போகிறது, இந்தப் பேனலில் ஓரளவு சுத்தமாக உட்காருகிறது. பழைய பாட்டுச் சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான திரை என் கண்ணில் பட்டதில்லை.

கரண்ட், சூடு, பல்லி

கரண்ட் அதிகம் இழுக்கும், மறுக்க முடியாது. 50 அங்குலம் சராசரியாக 250 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். தினம் நான்கு மணி நேரம் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். அதே அளவு எல்இடி 100 வாட் என்றால் 24 யூனிட். ஆக வித்தியாசம் 36 யூனிட்தான். முப்பதாயிரம், நாற்பதாயிரம் போட்டு புது டிவி வாங்கி இந்த 36 யூனிட்டை மிச்சம் பிடிப்பதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளைக் காட்சியில் அதிகம் இழுக்கும், இருட்டுக் காட்சியில் குறையும், அதுவும் இதன் குணம். இன்வெர்ட்டரில் மட்டும் இணைக்காதீர்கள், பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். இடி மின்னல் என்றால் பிளக்கோடு கேபிள் வயரையும் பிடுங்குங்கள், அந்த வழியாகவும் அடிக்கும்.

சூடு வெளியே போக மேலேயும் பக்கங்களிலும் குறைந்தது 10 செ.மீ. இடம் விடுங்கள். அலமாரிக்குள் திணித்து மூன்று பக்கமும் பலகை அடித்த வீடுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்த வெதுவெதுப்பைத் தேடி பல்லியும் கரப்பானும் உள்ளே போகும், பல்லி போர்டின் மேல் ஏறினால் ஷார்ட் ஆகிவிடும். பின்பக்கத் துளைகளை வெளியிலிருந்தே மெல்லிய பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் சுத்தம் செய்துகொண்டிருங்கள். திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு உரிந்துவிடும்.

டிவியை எடுத்துப் போகும்போது நிமிர்த்தியே எடுத்துப் போங்கள். படுக்க வைத்தால் கண்ணாடி நடுவில் வளைந்து விரிசல் விடலாம். 2008-க்கு முன் வந்த 50 அங்குலங்கள் 30 கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குடிபோகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பேனலின் இரண்டு கண்ணாடிகளும் முன்போல் இறுகி ஒட்டி நிற்பதில்லை, ரீங்காரம் கூடும். அங்கே அந்தச் சத்தத்துக்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பழுது வந்தால்

நீங்களே திறக்காதீர்கள். உள்ளே 200 வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஆனால் எது போயிருக்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் மெக்கானிக்கிடம் பேசலாம்; எடுத்த எடுப்பில் "பேனல் போச்சு சார், வேற வாங்கிடுங்க" என்று சொல்கிறவர்கள் நிறைய.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் பெரும்பாலும் பேனலை இயக்கும் ஒய் போர்டு அல்லது அதன் ஜோடி (எல்ஜியில் இசட், சாம்சங்கில் எக்ஸ்), இல்லையென்றால் பவர் சப்ளை. ஆனாகாமல் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது என்றால் எத்தனை முறை சிமிட்டிவிட்டு நிற்கிறது என்று எண்ணி வையுங்கள். பானசோனிக்கில் அந்த எண்ணிக்கையே எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லும். ஆனாக நேரம் எடுத்து, டிக் டிக் என்று முயன்று பார்த்துவிட்டு எழுகிறது என்றால் பவர் போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டரைத் தேடச் சொல்லுங்கள், மலிவாக முடியும் வேலை. இருட்டுக் காட்சியில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் நடனமாடினால் உடனே போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் விஎஸ், விஏ என்று அந்தப் பேனலுக்கே உரிய வோல்டேஜ்கள் அச்சிட்டிருக்கும். அதற்கு ஏற்றபடி மீட்டர் வைத்துச் சரிசெய்தாலே பல சமயம் அடங்கிவிடும். மேலிருந்து கீழே நிரந்தரமாக நேர்க்கோடு விழுந்துவிட்டதா, அது பேனலோடு ஒட்டிய பகுதி, அநேகமாக வழியில்லை.

போர்டு புதிதாகக் கிடைக்காது. கழற்றிய போர்டின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, சென்னை என்றால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள். டிவி மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, போர்டு எண்ணே பொருந்த வேண்டும். அதைவிட நல்ல வழி, உங்கள் மாடலிலேயே கண்ணாடி உடைந்த ஒரு டிவியைத் தேடிப் பிடித்து வாங்கிப் பரணில் போட்டு வைப்பது. உடைந்த டிவியில் எல்லா போர்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பழையதை வாங்குவதாக இருந்தால்

பயனியரின் குரோ வரிசை, பானசோனிக்கின் 2012, 2013 மாடல்கள் (எஸ்டி60, விடி60 போன்றவை), சாம்சங்கின் எஃப்8500 எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஆன் செய்து சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து எழுவதைப் பார்த்தால்தான் பவர் போர்டின் நிலை தெரியும். பென் டிரைவில் முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல் படங்களைப் போட்டு எடுத்துப் போங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். லோகோ தழும்பு எந்த மூலையில் இருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு மணி நேரம் ஏதாவது ஓட விட்டுப் பேசிக்கொண்டிருங்கள், சூடானதும் வரும் கோளாறு அதற்குள் தலைகாட்டும். ரிமோட்டையும் ஸ்டாண்டையும் அதன் திருகுகளையும் கேட்டு வாங்குங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல்.

பேனலே போய்விட்டால் அப்படியே காயலான் கடையில் போடாதீர்கள். போர்டுகளைக் கழற்றச் சொல்லி, எண்களோடு படம் எடுத்து விற்பனைக்குப் போடுங்கள், அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்மா எங்கேயாவது இருக்கும். மீதிக் கண்ணாடியை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், பழைய பேனல்களில் ஈயம் கலந்திருக்கும்.