குர்க்குமினை நுரையீரல் புற்றுநோய் செல்களில் சோதிப்பது எப்படி?

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் புற்றுநோய் செல்லைக் கொல்கிறதா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது: அந்த நிறத்திடம் கவனமாக இருங்கள்.

செல்களுக்கு, ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்வகை நல்ல தொடக்கம். 1972-ல், 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்தது. பழுதுபட்ட செல்லைச் சாகத் தூண்டும் பி53 புரதம் இதில் பழுதில்லாமல் இருக்கிறது. எச்1299 என்ற இன்னொரு நுரையீரல் புற்றுநோய் செல்லில் அந்தப் புரதமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால், செல் சாவதற்கு பி53 தேவையா என்பதும் ஓரளவு தெரியும். எம்ஆர்சி-5 போன்ற சாதாரண நுரையீரல் செல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் அதே அளவில் செத்தால், கையில் இருப்பது வெறும் நச்சு.

குர்க்குமின் தண்ணீரில் கரையாது. 7.4 மில்லிகிராம் எடுத்து 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 20 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். வெளிச்சம் படாமல் குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். செல் வளர்க்கும் தட்டின் எல்லாக் குழியிலும், மருந்து (அதாவது குர்க்குமின்) இல்லாத குழியிலும்கூட, டிஎம்எஸ்ஓ ஒரே அளவாக இருக்கட்டும், 0.2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதி) இல்லாத 37 டிகிரி கரைசலில் குர்க்குமின் அரை மணி நேரத்திலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் சீரம் கலந்த மீடியத்தில் (செல் வளர்க்கும் சத்துத் திரவத்தில்), அன்றன்றைக்குக் கலந்து போடுங்கள்.

96 குழித் தட்டில் குழிக்கு 5,000 செல் வீதம் போட்டு, ஒரு நாள் ஒட்ட விடுங்கள். அப்புறம் மருந்து, 24, 48 மணி நேரத்தில், எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் எம்டிடி சாயச் சோதனை. உயிருள்ள செல் எம்டிடியை ஊதா நிறப் படிகமாக மாற்றும். அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்போம்.

நிறத்தின் சிக்கல் இங்கேதான். மீதமிருக்கும் குர்க்குமின் அளவீட்டில் குறுக்கிடலாம். செல்லே இல்லாமல் எம்டிடியோடு வினைபுரியவும் கூடும். எனவே ஒவ்வொரு செறிவுக்கும் செல் இல்லாத, மருந்து மட்டும் உள்ள குழிகளை வையுங்கள். எம்டிடி போடுமுன் மருந்து மீடியத்தை எடுத்துவிட்டு, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மெதுவாகக் கழுவுங்கள்.

தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் செல்லை ஒளிரும் சாயத்தால் அடையாளம் காட்டும் அனெக்சின் சோதனையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குர்க்குமின் தானே பச்சையாக ஒளிரும். இந்தச் சோதனையில் வழக்கமாகப் போடும் எஃப்ஐடிசி சாயமும் அதே நிறம். சாயமே போடாத, குர்க்குமின் மட்டும் பட்ட செல்களை செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ கருவியில் ஓட்டிப் பாருங்கள். பச்சைப் பக்கம் அவை நகர்ந்து நிற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கட்டுப்பாட்டை விடவே மாட்டார்கள். வேறு நிறச் சாயத்துக்கு மாறுவது இன்னும் நல்லது. செல்லின் தற்சாவை நடத்தும் காஸ்பேஸ்-3 புரதம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று, புரதங்களைப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால், செல் தன்னைத்தானே அழித்துக்கொண்டதற்கு நிறம் குறுக்கிடாத சான்று கிடைக்கும்.

செறிவுதான் எனக்கு மிகவும் முக்கியம். தட்டில் 20, 40 மைக்ரோமோலாரில் செல் சாவதைப் பார்ப்பது எளிது. 2001-ல் வெளியான ஒரு மனித ஆய்வில் தினமும் 8 கிராம் குர்க்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் எட்டிய உச்சம் சராசரியாக 1.77 மைக்ரோமோலார்தான். இதை எழுதாமல் ‘புற்றுநோயைக் கொல்கிறது’ என்று மட்டும் எழுதினால், சிகிச்சையில் இருப்பவர் மருந்தை விட்டுவிட்டு மஞ்சளைத் தேடிப் போக நாம் காரணமாகிவிடுவோம். அதனால் 1, 2 மைக்ரோமோலார் குழிகளும் உங்கள் தட்டில் இருக்கட்டும். அவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் அந்த எண்களை வரைபடத்தில் போடுங்கள்.