எம்ப்ரொடெக்ட் வச்சு மெமரி கரப்ஷன் தேடறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீம்ல புதுசா வந்தவங்க சி கோடு டிபக் பண்றத பாத்துட்டு இருந்தேன், நான் முன்னாடி பண்ண அதே தப்பு. டேட்டாவ யாரோ கெடுக்குறாங்க, யாருன்னு தெரியல, அது இருக்கற பேஜை (மெமரிய பிரிச்சு வச்சிருக்கற ஒரு துண்டு) எம்ப்ரொடெக்ட்ங்கற சிஸ்டம் காலால ரீட் ஒன்லி ஆக்கி பூட்டினா, எழுத வர்ற எடத்துலயே செக்ஃபால்ட் (அனுமதியில்லாம மெமரிய தொட்டா வர்ற சிக்னல்) ஆகி புரோகிராம் நிக்கும். ஐடியா சரிதான். அட்ரஸ் பேஜ் எல்லையில ஆரம்பிக்கணும்ங்கறதெல்லாம் அதோட மேனுவல்லயே இருக்கு, அத விட்ருவோம்.

கிராஷ் ஆகலன்னா யாரும் எழுதலன்னு நெனைக்கிறது

இது இன்னும் எனக்கு எரிச்சல் தர்ற விஷயம். ஒரு கான்ஃபிக் டேபிள், போர்ட் நம்பர் 8080 இருக்க வேண்டிய எடத்துல பாக்கெட் பைட்ஸ் கெடக்கும். பேஜை பூட்டினேன். கிராஷ் இல்ல, டேபிளும் கெடல, டைமிங் பிரச்சினைன்னு முடிவு பண்ணி த்ரெட் லாக்கெல்லாம் தோண்டி 3 நாள் போச்சு. நெசத்துல எழுதினது கெர்னல். எப்பவோ விடுவிச்ச பஃபரோட அட்ரஸை ரீட் காலுக்கு இன்னும் குடுத்துட்டு இருந்தோம், அதே எடத்துல இப்ப டேபிள் உக்காந்திருக்கு. நம்ம கோடு நேரா எழுதினாதான் செக்ஃபால்ட், சிஸ்டம் கால் வழியா கெர்னல் எழுதப் போனா சிக்னல் வராது, ரீட் மைனஸ் 1 குடுத்துட்டு எர்னோங்கற எரர் நம்பர்ல ஈஃபால்ட் (EFAULT, தப்பான அட்ரஸ்) வச்சுட்டு போயிடும். அந்த ரிட்டர்ன் வேல்யூவ நாங்க பாக்கவே இல்ல. அதனால பேஜை பூட்டினதும் எஸ்ட்ரேஸ்ல (strace, சிஸ்டம் கால்களை காட்டுற டூல்) ஓட்டி ஈஃபால்ட்னு தேடுங்க, எந்த கால், எந்த அட்ரஸ்னு ஒரே வரியில தெரிஞ்சிடும்.

மால்லாக் மெமரிய அப்படியே பூட்டுறது

உங்க ஸ்ட்ரக்ட் 64 பைட், பேஜ் 4096 பைட். மிச்ச எடத்துல வேற ஆப்ஜெக்ட், மால்லாக்கோட சொந்த கணக்கு எல்லாம் இருக்கும், ஒழுங்கா எழுதுறவங்களும் செக்ஃபால்ட்ல மாட்டுவாங்க. எம்மேப்ல (mmap, பேஜ் கணக்குல மெமரி தர்ற கால்) தனி பேஜ் வாங்குங்க.

ஹேண்ட்லர்ல பிரின்ட்எஃப்

ஹேண்ட்லர்னா செக்ஃபால்ட் சிக்னலைப் பிடிக்க நாம வைக்கிற ஃபங்ஷன், அதுக்குள்ள பிரின்ட்எஃப் வேண்டாம். ரைட் (write) கால் போதும்.

பேஜை தொறக்காம ஹேண்ட்லர்லேந்து திரும்புறது

அதே இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஓடும், மறுபடி ஃபால்ட், முடிவே இல்ல. அட்ரஸை எழுதிட்டு அபார்ட் (abort) பண்ணி நிறுத்துங்க, கோர் ஃபைல்ல (நின்ன நேரத்து மெமரியோட நகல்) ஸ்டாக் அப்படியே கெடைக்கும்.

முறையா எழுத தொறந்த நேரத்துல

நாமளே எழுதறதுக்காக பேஜை கொஞ்ச நேரம் தொறந்திருக்கறப்ப இன்னொரு த்ரெட் தப்பா எழுதினா மாட்டாது. டிபக் பண்றப்ப மட்டும் மத்த த்ரெட்ட நிறுத்தி வச்சுட்டு தொறங்க.