சதுரக் கிணற்றில் கட்டுண்ட நிலைகள்: கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்

நிலையாற்றல் ஒரு பகுதியில் மட்டும் சட்டெனத் தாழ்ந்திருந்தால் அது சதுரக் கிணறு; அதில் சிக்கிய துகளுக்கு அமையும் ஆற்றல் நிலைகளே கட்டுண்ட நிலைகள். அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு இதுதான்: 1 நானோமீட்டர் அகலமும் 1 எலக்ட்ரான் வோல்ட் ஆழமும் உள்ள கிணறு, உள்ளே ஓர் எலக்ட்ரான். ஆற்றலைக் கிணற்றின் அடியிலிருந்து அளக்கிறோம். கால்குலேட்டரை முதலில் ரேடியனுக்கு மாற்றுங்கள்.

படி 1: எலக்ட்ரானுக்கு, குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியின் வர்க்கத்தை நிறையின் இருமடங்கால் வகுத்தால் 0.0381 எலக்ட்ரான் வோல்ட்·நானோமீட்டர்². ஆழத்தைப் பாதி அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இதால் வகுங்கள்: ப² = 1 × 0.25 ÷ 0.0381 = 6.562; ப = 2.562. பலரும் சறுக்குவது இங்கேதான், பாதிக்குப் பதில் முழு அகலத்தைப் போட்டுவிடுவார்கள்.

படி 2: எத்தனை நிலைகள் என்பதை முன்னதாகவே எண்ணிவிடுங்கள். ப-வை π/2ஆல், அதாவது 1.571ஆல் வகுங்கள்: 2.562 ÷ 1.571 = 1.63, மேல்நோக்கி முழுமையாக்கினால் 2. இதைச் செய்யாமல் தேடினால் ஒன்று விட்டுப்போனாலும் தெரியாது.

படி 3: உள்ளே கொசைன் அல்லது சைன் அலை, வெளியே அடுக்குக்குறியாகத் தேயும் வால். சுவரில் அலைச்சார்பும் அதன் வகைக்கெழுவும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அலை எண்ணைப் பாதி அகலத்தால் பெருக்கியதை ச என்போம். இரட்டைச் சார்புக்கு (நடுவின் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் கொசைன் அலை) கிடைப்பது:

ச × டேன் ச = √(ப² − ச²)

பாடநூல்களில் இப்படித்தான் இருக்கும். ஆனால் 1.571இல் டேன் முடிவிலிக்கு ஓடி, குறி மாறித் திரும்பி வருகிறது. குறி மாறும் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கி மூலத்தைத் தேடும் இருசமக்கூறிடும் முறை அதையும் மூலம் என்று பிடித்துக்கொள்ளும். கொசைனால் பெருக்கிவிட்டால் தொல்லை இல்லை:

ச × சைன் ச − கொசைன் ச × √(ப² − ச²) = 0

படி 4: இடப்பக்கத்தின் மதிப்பு ச = 1.0இல் −0.433, 1.2இல் +0.298. நடுவில் 1.1இல் −0.069, ஆகவே மூலம் 1.1க்கும் 1.2க்கும் இடையே. டிகிரியில் விட்டிருந்தால் மூன்றுமே எதிர்க்குறியாக வரும். பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் ச = 1.119.

ஒற்றைச் சார்புக்கு (சைன் அலை) ச × கொசைன் ச + சைன் ச × √(ப² − ச²) = 0. இதை 1.571 முதல் 2.562 வரை மட்டும் தேடுங்கள்; ச = 0 கூட இதை நிறைவு செய்யும், ஆனால் அங்கே அலைச்சார்பே பூச்சியம். விடை 2.147.

படி 5: ஆற்றல் = ச² × 0.0381 ÷ 0.25. முதல் நிலை 0.191, இரண்டாவது 0.703 எலக்ட்ரான் வோல்ட். முடிவிலி ஆழக் கிணற்றின் சூத்திரத்தை அவசரத்துக்குப் போட்டால் 0.376, 1.504 என்று வரும். இரண்டாவது கிணற்றுக்கு மேலேயே போய்விடுகிறது! ஆழம் குறைந்த கிணற்றுக்கு அந்தச் சூத்திரம் தோராயத்துக்குக்கூட உதவாது.

இதையே, ஒரு பெட்டிக்குள் இடத்தைக் கட்டப்புள்ளிகளாகப் பிரித்து நிரலில் சரிபார்ப்பவர்கள் வாலின் நீளத்தைக் கவனியுங்கள். முதல் நிலை சுவருக்கு வெளியே 0.22 நானோமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது, இரண்டாவதுக்கு 0.36 வேண்டும். எனவே பெட்டியின் எல்லையைச் சுவரிலிருந்து 3 நானோமீட்டராவது தள்ளி வையுங்கள். நெருக்கி வைத்தால் முதலில் உயர்ந்து காட்டுவது இரண்டாம் நிலையின் ஆற்றல்தான்.