சைலன்சர் வாடையா? முதலில் குனிந்து பாருங்கள்

பங்குனி, சித்திரையில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாதி ரோட்டில் உளுந்துச் செடிதான் கிடக்கும், போகிற வண்டியெல்லாம் ஏறி ஏறி நெற்று உடையட்டும் என்று பரப்பியிருப்பார்கள். அப்படி ரெண்டு இடத்தில் ஏறி இறங்கியதும் என் காருக்குள் ஒரு கருகல் வாடை. கிளட்ச் போச்சு என்று நானே முடிவுகட்டி ஒர்க்‌ஷாப் வரை 12 கிலோமீட்டர் ஓட்டினேன். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் சைலன்சர் குழாயைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி செடி, பாதி கருகிப்போய். தீப்பிடிக்காதது என் நல்ல நேரம். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் சில நூறு டிகிரி சூடாகும், காய்ந்த செத்தைக்கு அது தாராளம். ஆகவே கருகல் வாடை வந்தால் செத்தை இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கையால் பிடுங்க வேண்டாம், குச்சி எடுங்கள்.

கூமுட்டை நாற்றம் அடித்தால் உடனே கன்வர்ட்டரை மாற்றுவது அடுத்த தவறு. பெட்ரோலில் உள்ள கந்தகத்தால் வருகிற நாற்றம் அது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 (வண்டிப் புகை மாசைக் குறைக்கும் விதி) பெட்ரோலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியும் நாற்றம் விடாமல் அடித்தால் இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்: இன்ஜெக்டர், பிளக், ஆக்சிஜன் சென்சார். இதைச் சரிசெய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் கெட்டுப்போகும், காசு தண்டம்.

தித்திப்பான வாடையும் அடங்காத வெள்ளைப் புகையும் சேர்ந்து வந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், இன்ஜினுக்குள் கசிகிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும். நம்மூரில் என்ன செய்கிறோம்? ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டுகிறோம். வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் உள்ளே அரித்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, அது தனி. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அளவைப் பாருங்கள்.

வாடையை அமுக்க டாஷ்போர்டில் சென்ட் பாட்டில் வைப்பவர்களும் உண்டு. அப்புறம், வாடையே இல்லாததுதான் ஆளைக் கொல்லும்: கார்பன் மோனாக்சைடு. கல்யாண மண்டப வாசலில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும். காரில் உட்கார்ந்தால் தலைவலி, குமட்டல் என்று பிள்ளைகள் சொன்னால் பித்தம் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுக்காமல் முதலில் கதவைத் திறந்து வெளியே இறக்குங்கள்.