ஜம்ப் க்யூ: சண்டைக்கு முன்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் பூல் (க்யூ என்ற கோலால் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளும் டேபிள் ஆட்டம்) ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்நூக்கர் டேபிளைப் பார்த்து வளர்ந்தவர்கள். காட்பாடி பக்கம் வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் பையைத் திறந்து, வெள்ளைப் பந்தை இன்னொரு பந்தைத் தாண்டிப் பறக்க வைக்கும் குட்டையான ஜம்ப் க்யூவை எடுத்தால், "தம்பி, அதெல்லாம் பவுல்" என்று ஒரு குரல் வரும். "இல்லண்ணா, பூல்ல அலவ்டு" என்பான் அவன். தோற்றவர் டேபிள் காசு கட்ட வேண்டிய ஆட்டமென்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கே முதல் தவறு, ஒரு ஆட்டத்தின் விதியை இன்னொன்றில் கொண்டுவந்து போடுவது. ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஸ்நூக்கரில், வெள்ளைப் பந்து இன்னொரு பந்தைத் தாண்டிப் பறந்தால் சில விலக்குகள் தவிர பவுல்தான். பூலில் அப்படி இல்லை. அங்கே தாண்டுவது முறையான ஷாட். உலக பூல் சங்கத்தின் விதி, க்யூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனாலும் சில போட்டிகளில் ஜம்ப் க்யூ கூடாது, முழு க்யூவால் மட்டும் தாண்டலாம் என்கிறார்கள். அதனால் ஜம்ப் ஷாட் செல்லுமா என்பது ஒரு கேள்வி, ஜம்ப் க்யூ செல்லுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரேக், அதாவது ஆட்டத்தின் முதல் அடி, அடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அடிக்க வேண்டிய பந்து இன்னொன்றின் பின்னால் மறைந்த பிறகு கேட்டால் நியாயம் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது, பந்தை அடியில் கிண்டித் தூக்குவது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். பார்க்க ஜம்ப் போலவே இருக்கும், ஆனால் வேண்டுமென்றே செய்தால் விதிமீறல். முறையான ஷாட் இதற்கு நேர்மாறு. க்யூவின் பின்பக்கத்தைத் தூக்கி, பந்தின் மேல்பாதியில் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். துணிக்கு அடியில் இருப்பது கல், ஸ்லேட். பந்து அதில் மோதி எகிறும். எகிறும் அந்தக் கணத்தில் க்யூ வழியை விட்டு விலகிவிட வேண்டும், இல்லாவிட்டால் பந்து க்யூவுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு செத்துவிடும். சாதாரண க்யூ 58 அங்குலம், அரை கிலோவுக்கு மேல் எடை. ஜம்ப் க்யூ நீளத்திலும் குட்டை, எடையோ ஏறக்குறைய பாதி. பந்தில் பட்டதும் அதுவே பின்வாங்கிவிடும். க்யூவின் நுனியிலுள்ள டிப்பும் தோல் அல்ல, ஃபெனாலிக் போன்ற கெட்டிப் பொருள்; அடி வீணாகாமல் பந்துக்குப் போய்ச் சேரும். தோலுக்குப் பேர்போன ஆம்பூர், ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தோலைக் குறை சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்ற எல்லா ஷாட்டுக்கும் தோல் டிப்தான் ராஜா.

இனி வாதத்துக்கு வருவோம். எதிராளிக்கு நேர் வழி கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை மறைத்து வைப்பதுதான் சேஃப்டி. "ஜம்ப் க்யூ வந்தால் சேஃப்டி செத்தது" என்பது ஒரு கட்சி. "அப்படியானால் முதல் அடிக்கென்றே வைத்திருக்கும் பிரேக் க்யூ மட்டும் என்ன?" என்பது எதிர்க்கட்சி. இரண்டும் அரை உண்மை. பிரேக் க்யூ இருவருக்கும் ஒரே வேலையைச் செய்கிறது; எதிராளி யோசித்து வைத்த பூட்டை அது திறப்பதில்லை. ஜம்ப் க்யூ திறக்கிறது. முழு க்யூவால் தாண்டவே முடியாத அளவுக்கு மறைக்கும் பந்து பக்கத்தில் இருந்தாலும் குட்டை க்யூ தாண்டிவிடும். வாதத்தின் முடிச்சு இதுதான். அதே நேரம், வெள்ளைப் பந்தை மறைக்கும் பந்தோடு ஒட்டி நிறுத்திவிட்டால் எந்த க்யூவும் உதவாது. ஆகவே சேஃப்டி சாகவில்லை, கொஞ்சம் நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கிறது. என் கட்சி என்ன என்றால், போட்டியில் ஜம்ப் க்யூவை அனுமதிக்கலாம். ஆனால் ஒரு குஷனில் (டேபிளின் ரப்பர் ஓரத்தில்) தட்டி மறைந்த பந்தைத் தொடத் தெரியாதவர் அதை வாங்கக் கூடாது. டேபிளில் இருப்பதில் குறைந்த எண் பந்தையே முதலில் தொட வேண்டிய நைன் பால் என்ற பூல் வகையில், அதைத் தொட்டால் மட்டும் போதாது, வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதும் வேண்டும். பறந்து இறங்கும் பந்தைவிடக் குஷனில் உருண்டு வரும் பந்து பல நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

பழைய க்யூவை அறுத்துக் குட்டையாக்கும் வேலையும் வேண்டாம். 40 அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் போட்டியில் செல்லாது, பேலன்ஸும் கெட்டுப்போகும்.

கடைசியாகத் துணி. பார்லர்காரர் ஜம்ப் கூடாது என்று பலகை வைத்தால் அது ஆட்ட விதியைப் பற்றியது அல்ல, செலவைப் பற்றியது. சரியாக அடித்தாலும் துணியில் வெள்ளைப் புள்ளி விழும், தவறாக அடித்தால் கிழியும். பழகுவதானால் மார்க்கரிடம் (டேபிளைப் பார்த்துக்கொள்பவரிடம்) கேட்டுக்கொண்டு, கழற்றிப்போட்ட பழைய டேபிள் துணியில் ஒரு துண்டு வாங்கி வெள்ளைப் பந்தின் கீழ் விரித்து அடியுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள், பந்து டேபிளைத் தாண்டிப் பக்கத்து நாற்காலி வரைக்கும் போகும்.