டர்பன் கலை நிகழ்ச்சிகளில் நாம் செய்கிற தவறுகள்

வேலைக்காகவோ உறவினரைப் பார்க்கவோ தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போகிற தமிழர்கள், அங்குள்ள மக்கள் தாங்களே நடத்தும் கலை நிகழ்ச்சிகளுக்குக் கட்டாயம் போக வேண்டும். ஆனால் பலரும் கடற்கரையில் நாலு படம் எடுத்து, ஒரு கூடையைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, எல்லாம் பார்த்தாச்சு என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரத்தின் கலைகளை வளர்த்தவர்கள் உழைப்பாளிகள். துறைமுகத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் உடல் நோக வேலை பார்த்துவிட்டு, மிச்சம் கிடைத்த நேரத்தில் வளர்த்தார்கள். அது தெரியாமல் போவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

முதலில் நேரம். இசிகத்தாமியா என்று ஒரு பாட்டு வகை உண்டு. அந்தப் பகுதியின் கறுப்பின மக்களான ஜூலுக்களில் ஆண்கள் வாத்தியம் இல்லாமல் குழுவாகப் பாடுவது. அந்தப் பெயரின் நடுவில் வருவது நம் எழுத்தில் அடங்காத ஒலி. நாம் பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டும்போது வருகிற அதே நாக்கொலிதான். பூனைபோல மெத்தென்று அடியெடுத்து வைப்பது என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். பாடும்போது கால்களும் அப்படித்தான் நகரும். கிராமத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு நகரத்து ஆண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு இரவு சனிக்கிழமை. அதனால் போட்டியும் சனி இரவில்தான். முன்னிரவில் ஒத்திகைபோலப் பாடுவார்கள். நள்ளிரவுக்கு மேல்தான் உண்மையான போட்டி சூடுபிடித்து, ஞாயிறு விடிகிற வரை போகும். ஏழு மணிக்குப் போய்ப் பத்து மணிக்கு எழுந்து வந்தால், கூத்தில் கட்டியங்காரன் வந்ததும் வீட்டுக்குப் போன கதைதான். மதியமே ஒரு தூக்கம் போட்டுவிட்டு, திரும்பி வர வண்டியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

அங்கே சபா கச்சேரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை. பாட்டு நடக்கும்போதே பெண்கள் எழுந்து முன்னால் போய்ப் பாராட்டுவார்கள், குலவையிடுவார்கள். ஆமாம், நம் ஊர்க் குலவையேதான், ஜூலுப் பெண்களிடமும் உண்டு. கேட்டதும் தெரிந்துவிடும். உடையிலும் கவனம் வேண்டும். அந்த இரவுகளில் ஸ்வென்கா என்று ஆண்களுக்கான உடையழகுப் போட்டியும் நடப்பதுண்டு. வாரம் முழுக்க அழுக்கு வேலை பார்த்தவர், மடிப்புக் கலையாத கோட்டும் பளபளக்கும் காலணியுமாக வந்து, சட்டைக் கையை லேசாக இழுத்து கஃப்லிங்க்ஸைக் காட்டி நிற்பார். அவர் முன்னால் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போய் உட்காருவது மரியாதைக் குறைவு.

முன்பெல்லாம் இந்தப் போட்டிகளுக்கு நடுவராக, எந்தக் குழுவையும் தெரியாத வெளியாள் ஒருவரைத் தெருவிலிருந்தே கூட்டி வருவார்களாம். தெரியாதவர் என்றால் யார் பக்கமும் சாய மாட்டார் என்பதுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அடுத்தது, ஜூலு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 'ஆதிவாசி நடனம்' என்று பெயர் வைப்பது. காலைத் தலைக்கு மேல் தூக்கி நிலம் அதிர மிதிக்கும் இங்கோமா ஆட்டத்தை நகரத்து விடுதிகளில் குழு குழுவாக வளர்த்தவர்களும் தொழிலாளர்கள்தான். 1929இல் நகராட்சியின் பீர் விற்பனைக்கு எதிராகத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, நகர அதிகாரிகளுக்கு இந்த ஆட்டக் கூட்டங்களைக் கண்டு பயம் வந்தது. முதலில் கட்டுப்படுத்தினார்கள். பிறகு தாங்களே மேற்பார்வை பார்க்கும் போட்டியாக மாற்றினார்கள். இவ்வளவு அரசியல் அந்த மிதியில் இருக்கிறது. நிறவெறிச் சட்டங்களால் வீட்டை இழந்து உம்லாசி, க்வாமாஷு என்ற புறநகர்க் குடியிருப்புகளுக்குத் தள்ளப்பட்ட மக்கள், இதையெல்லாம் கூடவே எடுத்துப் போனார்கள்.

கைவினைப் பொருளிலும் அப்படித்தான். வண்ண வண்ணமாகத் தொலைபேசிக் கம்பியில் பின்னிய கிண்ணங்களைக் கடைகளில் பார்ப்பீர்கள். இரவுக் காவல்காரர்கள் தூக்கத்தை விரட்ட, வீணாய்க் கிடந்த கம்பியைத் தங்கள் கைத்தடியில் சுற்றிப் பின்னத் தொடங்கியதிலிருந்து வந்த கலை இது. இதன் வடிவம் பழைய இம்பெங்கேயுடையது, பீர்ப் பானைக்கு மூடியாகப் பயன்பட்ட புல்கூடை. ஒரு கிண்ணத்துக்கு எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள், பேரம் பேசத் தோன்றாது. கடற்கரை ரிக்‌ஷாக்காரரையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். 1890களிலிருந்து டர்பனில் ஓடுகிற வண்டி அது. தலையில் கொம்பும் மணியும் சுமந்து அவர் நிற்பது பிழைப்புக்காக, காசு கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது நம்மவர்கள். எனக்கு அதிகம் வலிக்கிற தவறு இங்கேதான் நடக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேருடன் டர்பனில் கரை சேர்ந்தது. 1911க்குள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து வந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். இன்று அவர்கள் பேரன் பேத்திகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தைப்பூசத்தில் காவடி எடுக்கும் இளைஞர் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் பாட்டைப் பார்த்துப் பாடுவார். உச்சரிப்பு சற்றுப் பிசகும். உடனே திருத்தப் போகாதீர்கள், சிரிக்கவே சிரிக்காதீர்கள். பொருள் முழுதாகப் புரியாமலே ஒரு பாட்டை நாலைந்து தலைமுறை கைவிடாமல் காத்திருக்கிறார்கள். நமக்குச் சொல்லிக்கொடுக்கிற உரிமை, அவர்கள் கேட்டால் வருகிறது.

"பெரிய வெள்ளிக்கு மாரியம்மன் திருவிழாவா? நாள் தப்பாச்சே!" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. டர்பனை ஒட்டிய இசிப்பிங்கோவின் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறையில்தான் கூட்டம் அலைமோதும். தோட்ட முதலாளிகள் சேர்ந்தாற்போல் விடுப்புக் கொடுத்த நாட்கள் அவைதான். அம்மனும் அதற்கேற்ப வந்தாள். தெருக்கூத்துக்கு அங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்குப் பெயர் 'பாரிட்ஜ் பிரேயர்'. கேட்க விநோதமாக இருக்கலாம், ஆனால் கூழ் அதே கூழ்தான்.

கடைசியாக, ஒரு சொல். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம், யாரையும் புண்படுத்தாது. தென்னாப்பிரிக்காவில் அது இந்தியரை அவமதிக்க வெள்ளையர் வீசிய வசை. "உங்க தாத்தா கூலியா வந்தவர்தானே" என்று நீங்கள் வெள்ளந்தியாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுண்டிவிடும். கறுப்பின மக்களைக் குறிக்க நம் பழைய பேச்சில் உள்ள 'காப்பிரி', 'காப்பிலி' இதைவிட மோசம், விளையாட்டுக்குக்கூட வாயில் வரக் கூடாது. யாரைப் பார்த்தாலும் ஜூலு மொழியில் "சவுபோனா" என்று சொல்லுங்கள். 'உன்னைப் பார்க்கிறோம்' என்பது அதன் பொருள். "யேபோ" என்று பதில் வரும், அப்புறம் பேச்சு தானாகத் தொடரும்.