சேலம் போகிறவர்கள் டிரங்குப் பெட்டியையும் திறந்து பாருங்கள்

சேலத்தில் பெண்களின் பழைய உடைகளைப் பார்க்க நினைக்கிறவர்கள் லண்டனில் இருந்தால், பயணத்துக்கு முன்பே ஒரு வேலையை முடிக்கலாம். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே மாதம் திறந்த கிழக்கு லண்டன் சேமிப்பகத்தில், விரும்பும் பொருளை முன்பதிவு செய்து இலவசமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். தென்னிந்தியச் சேலைகளைத் தேடிக் கேளுங்கள். கரை, முந்தி, நீளம் மூன்றையும் குறித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

சேலத்தில் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஆனால் பெண்டிரின் பழைய உடை என்றால், அம்மாயி, அப்பாயி வீட்டுப் பெட்டியில் தொடங்கச் சொல்வேன். அக்காலப் பட்டுச்சேலையின் அசல் ஜரிகை வெள்ளி இழையில் தங்கமுலாம் பூசியது. சேலை நைந்ததும் அந்த வெள்ளிக்காகவே விற்று உருக்கிவிடுவார்கள். அப்படி அழிந்த கல்யாணச் சேலைகளை நினைத்தால் மனம் பதறுகிறது. எஞ்சியதைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

சேலையைத் தரையில் விரித்த வெள்ளைத் துணிமேல் வைத்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பிரியுங்கள். பட்டு முதலில் விட்டுப்போவது மடிப்பில்தான். உள்பக்கம் திருப்பினால், கோர்வை நெசவில் உடலும் கரையும் பிணைந்த இடம் கைக்குத் தெரியும். எத்தனை முழம் என்று அளந்து பாருங்கள். பின்கொசுவம் வைத்துக் கட்டினார்களா, ரவிக்கை போட்டார்களா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்தத் தகவல் எந்தக் கண்ணாடிப் பேழையிலும் கிடைக்காது. திரும்ப வைக்கும்போது பழைய மடிப்பை மாற்றி மடித்து, துவைத்த மல் துணியில் சுற்றச் சொல்லுங்கள். பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

பிறகு சேலத்தின் நெசவாளர் பகுதிகளான அம்மாப்பேட்டைக்கோ குகைக்கோ போய், அனுமதி கேட்டு ஒரு கைத்தறியைப் பாருங்கள். காலை நேரம் நல்லது. வெண்பட்டு வேட்டிக்குப் பேர்போன ஊர் என்பதால், பாவு தோய்ப்பதையும், அதாவது நெடுக்கு இழைக்குக் கஞ்சி ஏற்றுவதையும் காணலாம். தறி ஓடுவதைக் கண்ட பிறகு பெட்டிச் சேலையை மறுபடி எடுத்தால், கரையில் எத்தனை கை உழைத்திருக்கிறது என்று புரியும். ஏற்காடு போகும் நாளை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிநபர் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. சேலையின் வயதில் ஐயமிருந்தால், மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள். இல்லையென்றால் படம் எடுத்துக்கொண்டு, சேலையை ஊரிலேயே பொறுப்பானவர் கையில் விட்டுவாருங்கள்.